காலைக் கட்டலாமா?

சென்ற ஞாயிறு மத்தியானம் என் தங்கை தன் மகனையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இருவருக்குமிடையில் ஒரு வழக்கு. தீர்ப்புச் சொல்ல நான் வேண்டியிருந்தேன். மருமகன் கடதாசியிற் சுற்றிக் கையில் வைத்திருந்த ஒரு சோடித் தோல்வார்தான் வழக்கின் பொருள்.

“அண்ணை, இவன் காலைப் பெடலோடை கட்டிக்கொண்டு ஓடப்போறானாம். நீங்களாவது சொல்லுங்கோ” என்றாள்.

அவன் ஒன்றும் பேசவில்லை. காற்சட்டையைச் சற்று உயர்த்திக் கணைக்காலைக் காட்டினான். நான்கு அங்குல நீளத்துக்குத் தோல் உரிந்து பொருக்குக் கட்டியிருந்தது. சைக்கிட் பந்தயத்துக்குப் பழகுகிறவன். மழையில் நனைந்த மிதியை, இருக்கையை விட்டு எழுந்து நின்று முழுப் பலத்தோடும் மிதித்திருக்கிறான். கால் வழுக்கிவிட்டது. சுழன்று வந்த மிதி கணைக்காலைக் கிழித்துவிட்டது.

தாய்க்குக் கால் கட்டுண்டு விழுவதில் அச்சம். மகனுக்குக் கால் வழுக்கி விழுவதில் அச்சம். எந்த அச்சத்தையும் வீண் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

தங்கையின் அச்சத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. அதிற் குற்றவாளி நானே. 1984-ஆம் ஆண்டு, என் பத்தொன்பதாவது வயதில், பழைய பந்தயச் சைக்கிள் ஒன்றை வாங்கி, மிதிகளில் விரற்கூடும் வாரும் பூட்டி, வாரை இறுக இழுத்துக்கொண்டு வீதியில் இறங்கினேன். சந்தியில் ஒரு மாட்டுவண்டி திரும்பிற்று. பிரேக்கை அழுத்தினேன், சைக்கிள் நின்றது. காலை ஊன்ற எண்ணினேன், கால் வரவில்லை. நின்ற நிலையிலேயே வலப்பக்கமாக, நடுவீதியிற் சாய்ந்தேன். பின்னால் வந்த லொறிச் சாரதி நிதானமானவர். அதனாலேயே இன்று இதை எழுதுகிறேன். வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். எட்டு வயதுத் தங்கைதான் பள்ளிக்குப் போகுமுன் தினமும் என் சட்டைப் பொத்தான்களைப் பூட்டிவிட்டாள். அவள் அதை மறக்கவில்லை.

அன்று நான் விழுந்த காரணம் வாரன்று. கழற்றும் வகை அறியாமற் கட்டியதே. வார் தளர்ந்திருந்தாற் காலை நேரே பின்னுக்கு இழுத்தாற் போதும், கூட்டிலிருந்து வந்துவிடும். இறுகியிருந்தாலோ குனிந்து கொளுக்கியைப் பெருவிரலால் தள்ளித் தளர்த்திய பின்பே இழுக்கவேண்டும். கலக்கத்தில் எவரும் காலைப் பக்கவாட்டிலேயே எடுக்கப் பார்ப்பர். அந்தத் திசையில் அது வராது. ஆகவே, எந்தக் கட்டை வாங்கப்போனாலும், எவ்வளவு இறுகப் பிடிக்கும் என்று கேட்குமுன் எப்படி விடும் என்று கேளுங்கள்.

விரற்கூடு பழைய சாமான். பிரெஞ்சு வீரர் இயூஜின் கிறிஸ்தோபின் பெயரால் அது நெடுங்காலம் விற்பனையாயிற்று. 1913-இல் பிரான்ஸைச் சுற்றும் பந்தயத்தில் முன் கவை முறிந்துபோக, மலையடிவாரத்துக் கொல்லனின் உலையிலே தம் கையாலேயே அதை ஒட்டவைத்துக்கொண்டு ஓட்டத்தைத் தொடர்ந்தவர் அவர். துருத்தி ஊத ஒரு சிறுவனின் உதவியைப் பெற்றார் என்று அவருக்குத் தண்டமும் விதித்தார்கள்! கூடு இல்லாமலே சப்பாத்தைப் பிடிக்கும் மிதியை, பனிச்சறுக்குப் பூட்டுகள் செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம், நான் விழுந்த அதே 1984-இல் வெளியிட்டது. மறு வருடம் பேர்னார்ட் ஹினோ அதை அணிந்து அந்தப் பந்தயத்தை வென்றார். பிறகு பந்தய உலகம் அதன் பக்கம் சாய்ந்தது. சப்பாத்தின் அடியிலுள்ள கட்டை மிதியிற் பூட்டிக்கொள்ளும். குதிக்காலை வெளிப்புறம் திருப்பினால் விட்டுவிடும். எவ்வளவு எளிதில் விடவேண்டும் என்பதை ஒரு திருகாணியால் அமைக்கலாம். 1990-இல் ஷிமானோ வெளியிட்ட வகையிற் கட்டை சிறியது. சப்பாத்தின் அடியிற் பதிந்திருப்பதால் நடப்பதும் எளிது. ஆனால் மிதியும் சப்பாத்தும் சேர்த்து வாங்கும் செலவு, பள்ளிப்பிள்ளையின் கைக்கு எட்டாதது.

இவ்விரண்டுக்கும் இடையில், கூடில்லாத அகன்ற பட்டி வார் ஒன்றுண்டு. மிதியின் குறுக்கே சரிவாகப் பூட்டுவது. குதிக்காலை வெளியே வைத்து நுழைத்து, உள்ளே திருப்பினால் இறுகும். வெளியே திருப்பினால் தளரும். சாதாரணச் சப்பாத்தே போதும் என்பது அதன் சிறப்பு.

“மாமா, கட்டினால் மேலை இழுத்தும் ஓடலாம், வேகம் கூடும்” என்று மருமகன் வாதாடினான். எல்லாப் பந்தயக்காரரும் சொல்லும் வாதம். மிதியில் விழும் விசையை அளந்து பார்த்தவர்கள் வேறுவிதமாகக் கண்டார்கள். பழகிய வீரர்கூடச் சீரான ஓட்டத்தில், மேலெழும் காலால் மிதியை இழுப்பது அரிது. பெரும்பாலும் அந்தக் கால் மிதியைச் சற்று அழுத்திக்கொண்டே வருகிறது. 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேண்டுமென்றே மேலே இழுத்தவர்கள் அதே வேலைக்குத் தம் வழக்கமான மிதிப்பிலும் அதிக சக்தியைச் செலவிட்டனர். ஆகவே கட்டு, எழுந்து நின்று மிதிக்கையில் கால் வழுக்காமற் காக்கும். வேகத்தை அதனிடம் எதிர்பார்க்கவேண்டாம்.

பிறீவீல் இல்லாத வண்டியின் கதை வேறு. அதில் ஓட்டி நிறுத்தினாலும் மிதி சுழன்றுகொண்டே இருக்கும். வேகத்திற் கால் வழுவினால் ஆபத்து. அங்கே நல்ல பிடி அவசியமே.

2022-இற் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துச் சைக்கிளுக்குத் திரும்பியவர்கள் சிலரும் இதைப்பற்றி என்னிடம் கேட்டதுண்டு. பாட்டாச் செருப்போடு சந்தைக்கும் கந்தோருக்கும் போகிறவர்களுக்குக் கட்டு எதுவும் வேண்டாம். வார் வெறுங்காலின் மேற்புறத்தை அறுக்கும். ரப்பர்க்கட்டை மிதியிற் கூடு பூட்ட இடமும் இராது. கட்டை தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் மிதியை மாற்றுங்கள். சிறு முனைகள் பதித்த அகன்ற மிதியும், கெட்டியான அடியுள்ள சப்பாத்தும் மழையிலும் போதிய பிடி தரும்.

மருமகனுக்கோ பந்தயம் இருக்கிறது. வாரை மட்டும் வாங்கிக் கூட்டை வாங்காமல் வந்திருந்தான். கூடின்றி அந்த வார் மிதிமேற் சுருண்டு கிடக்குமேயன்றிக் காலுக்கு வழிவிடாது. நான் உள்ளே போய் ஒரு பிஸ்கற் தகரத்தை எடுத்து வந்தேன். 1995-இல் இடம்பெயர்ந்து திரும்பியபோது வீட்டில் எஞ்சியிருந்த அற்பப் பொருள்களில் அதுவும் ஒன்று. உள்ளே என் பழைய கூடுகள் இருந்தன. வலதுபுறத்துக் கூட்டிலே தார் உரசிய வடு இன்னும் தெரிந்தது. தங்கை அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் என்னிடமே தந்தாள்.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பூட்டினோம். மிதியின் இரு தகடுகளுக்கும் நடுவே வாரை ஒரு முறை முறுக்கி விட்டோம். அப்படி விட்டால் வார் இடம் பெயராது. சப்பாத்து நுனிக்கும் கூட்டுக்கும் இடையே சிறிது இடைவெளி இருக்கவேண்டும். ஹான்டிலை முழுதும் திருப்பிக் கூடு முன்சில்லில் முட்டுகிறதா என்றும் பார்த்தோம். சில வண்டிகளில் முட்டும். மெல்லத் திரும்புகையில் ஆளைக் கவிழ்க்கும்.

பின்பு என் நிபந்தனைகளைச் சொன்னேன். பந்தயம்வரை வாரை இறுக்கக்கூடாது. நம் நாட்டில் இடப்பக்கமாக ஓடுகிறோம். ஆகவே ஊன்றும் கால் இடது காலாகவே இருக்கவேண்டும், அப்போதுதான் சாய்ந்தாலும் வீதியோரம் சாய்வான். சந்திக்குப் பத்து யார் முன்பே இடது கால் வெளியே வந்துவிடவேண்டும். இவற்றைப் பழக, இன்றைக்கே ஒழுங்கையில் ஐம்பது முறை நிறுத்தி எடுக்கவேண்டும். இடையில் ஒன்று தவறினால் முதலிலிருந்து.

எண்ணும் பொறுப்பைத் தங்கை தானே ஏற்றுக்கொண்டு படலையடியில் நின்றாள். முப்பத்தேழாம் முறையில் அவன் மறந்து காலைப் பக்கவாட்டில் இழுத்தான். சைக்கிளோடு செம்பரத்தை வேலிக்குள் மெல்லச் சாய்ந்தான். அவள் பதறி ஓடப்போனவள், இலைகளுக்குள்ளிருந்து அவன் சிரிப்பதைக் கண்டு நின்றுவிட்டாள். அவன் எழுந்து வண்டியைத் தட்டித் துடைத்து ஏறும்வரை பொறுத்திருந்தாள்.

“ஒண்டு” என்றாள்.