வீண் பேச்சா?

மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடியில் 'சூப்பர் சிங்கர்' ரசிகைகளாகிய நாங்கள் கூடினால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. "வீண் பேச்சு" என்று பெரியோர் கடிந்துகொள்வர். நான் அப்படி எண்ணவில்லை.

ஒருநாள் பேச்சு பாட்டை விட்டு நாய்க்குட்டிக்குத் தாவியது. தீபாவளி வெடிச் சத்தத்தில் அது கட்டிலுக்கடியில் நடுங்கியதாம். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிப் பறவைகளுக்காக வெடி வெடிப்பதில்லை என்றாள் ஒருத்தி. "பட்டாசையே ஒழிக்க வேண்டும்" என்றாள் மற்றொருத்தி.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தோழி மெல்லச் சொன்னாள்: "அம்மா பயர் ஆபீசுக்குத்தான் போகிறார்கள். அந்தக் கூலியில்தான் நான் படிக்கிறேன். அவர்கள் வீடு திரும்பும்வரை எனக்குப் பயம்தான்."

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும், 2018இல் உச்ச நீதிமன்றம் தீபாவளி வெடிக்கு 2 மணி நேரமே அனுமதித்ததையும் செய்தியாகவே அறிந்திருந்தோம். அவை எங்களோடு அமர்ந்து உண்பவளின் கதை என்று அன்றுதான் உணர்ந்தோம்.

வாய்மூடி இருந்திருந்தால் இதை அறிந்திருப்போமா? தோழியரே, கூடிப் பேசுவோம். ஆனால் "பட்டாசை ஒழி" என்பதற்குமுன், "அதைச் செய்வோரின் உயிரைக் காப்பாற்று" என்று சொல்லக் கற்போம்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி