நனைந்தது இருவர், கூலி ஒருவருக்கு!

இங்கிலாந்தின் வசந்தம் என்றதும் பூத்துக் குலுங்கும் மரங்களை நினைப்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடப் புத்தகம் செய்த உபகாரம் அது. அங்குள்ள படகுக்காரர்களிடம் 2012-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தைப் பற்றிக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். 1910 முதல் வைத்திருக்கும் கணக்கில், பிரிட்டனில் அவ்வளவு மழை கொட்டிய ஏப்ரல் கிடையாது. மார்ச்சைவிட ஏப்ரலில் குளிர் அதிகம். தென் இங்கிலாந்தில் அதே சமயம் தண்ணீர்ப் பஞ்சம் என்று சொல்லித் தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கத் தடை போட்டிருந்தார்கள் என்பது தனி வேடிக்கை.

அப்படிப்பட்ட வசந்தத்திலும் கால்வாயில் வேலை நிற்பதில்லை. படகிலேயே குடித்தனம் நடத்தும் ஆயிரக்கணக்கானவர்கள் இன்று அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு நிலக்கரியும் டீசலும் எரிவாயு சிலிண்டரும் விற்றுப் பிழைக்கும் படகுகளும் இருக்கின்றன. வசந்தம் குளிர்ந்தால் அடுப்பு அணையாது. அடுப்பு அணையாதவரை கரிப் படகுக்கு ஓய்வு ஏது? பின்புறத் திறந்த தட்டில் நின்று, முகத்தில் சாரல் அடிக்க, சுக்கான் பிடித்துப் போகிறவரைக் கரையில் குடையோடு நிற்பவர்கள் படம் பிடிக்கிறார்கள். "என்ன சுகமான வாழ்வு!" என்று பெருமூச்சும் விடுகிறார்கள்.

இந்தப் பெருமூச்சுக்கு வயது அதிகம். படகின் மேல் தீட்டிய ரோஜாப் பூவையும், பளபளக்கும் பித்தளையையும் பார்த்தவர்கள், அதற்குள் நடந்த சம்பளக் கணக்கைப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கில் ஒரு பெரிய அநியாயம் இருந்தது.

நம் ஊரில் கால்வாய் என்றால் முதலில் பாசனம்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் கால்வாய்கள் சரக்குக்காகவே வெட்டப்பட்டவை. ஆரம்பத்தில் படகுக்காரருக்குக் கரையில் வீடு இருந்தது; வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டார். பிறகு ரயில் வந்தது. போட்டியில் சரக்குக் கட்டணம் சரிந்தது. ஆளுக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. வீட்டு வாடகையும் சுமையாயிற்று. பலர் வீட்டைக் காலி செய்து, மனைவி மக்களைப் படகில் ஏற்றிக்கொண்டார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! வாடகை மிச்சம், கூலியில்லாத வேலையாளும் கிடைத்தாயிற்று.

பத்தடி அறை

படகின் நீளம் சுமார் 70 அடி. அகலம் 7 அடி. நீளத்தில் பெரும் பகுதி சரக்குக்கு. பின்கோடியில் சுமார் பத்தடி அறை ஒன்று குடும்பத்துக்கு. கரியடுப்பு, மடக்குப் படுக்கை, அலமாரி, பிள்ளைகள் எல்லாம் அதற்குள்தான். மழைக் காலத்தில் நனைந்த துணி உலர்வதும் அங்கேயேதான்.

எஞ்சின் வந்த பிறகு, ஓடும் படகு ஒன்று, எஞ்சின் இல்லாத இழுபடகு ஒன்று என்று ஜோடியாகப் போயின. ஜோடிக்குச் சரக்கு சுமார் 50 டன். இழுபடகின் சுக்கான் பெரும்பாலும் மனைவியின் கையில் இருக்கும். அறையின் வாசலில் நின்றுகொண்டு ஓட்ட வேண்டும். உள்ளேயிருக்கும் அடுப்பினால் காலுக்குக் கதகதப்பு. இடுப்புக்கு மேலே ஆகாயத்து மழை. நடுவில் குழம்பு கொதித்தால் குனிந்து கிளற வேண்டும். குழந்தை அழுதாலும் குனிய வேண்டும். சுக்கானிலிருந்து கண்ணை எடுத்தால் படகு கரையில் மோதும்.

லண்டனிலிருந்து பர்மிங்காம் போகும் கிராண்ட் யூனியன் கால்வாயில் 'லாக்' எனப்படும் நீர்ப்படிகள் 166. ஒவ்வொன்றிலும் படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மறுபுறம் அனுப்ப வேண்டும். மதகுப் பலகையைத் தூக்கும் இரும்புக் கைப்பிடியோடு ஒருவர் முன்னால் ஓடி அடுத்த லாக்கைத் தயார் செய்வார். சைக்கிள் இருந்தால் சைக்கிள், இல்லாவிட்டால் நடை. சேற்றில், ஈர மரக்கதவின் மேல், வழுக்கும் கருங்கல்லின் மேல். இந்த வேலைக்குப் பிள்ளைகளும் ஓடினார்கள்.

கூலி? டன்னுக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அது படகுத் தலைவன் பெயரில் எழுதப்படும். தலைவன் என்றால் பெரும்பாலும் கணவன். கால்வாய் உறைந்தால் படகு நகராது, வரும்படியும் இல்லை. மழை பெய்தால் படகு நகரும், ஓய்வு இல்லை. ஆகவே குளிர்கால நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டிய வசந்தத்தில்தான் அந்தப் பெண்கள் அதிகம் நனைந்தார்கள்.

சர்க்கார் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. செங்கல் சூளையில் சிறு வயதிலேயே உழைத்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் படகுக் குழந்தைகளுக்காகக் குரல் கொடுத்தார். 1877-லும் 1884-லும் பார்லிமெண்டு சட்டம் செய்தது. ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கலாம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்றெல்லாம் அதிகாரிகள் பார்த்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அறையை அளந்தவர்கள், அந்த அறையின் வாசலில் நின்று படகு ஓட்டியவளுக்கு யார் கூலி கொடுப்பது என்று கேட்கவில்லை.

"கணவன் வாங்கினால் என்ன, மனைவி வாங்கினால் என்ன? ஒரே குடும்பம்தானே!" என்று சிலர் சொல்லக்கூடும். படகு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். கணவன் நோயில் விழுந்தால் மனைவியின் முப்பது வருஷ உழைப்புக்கு எந்த ஏட்டில் சாட்சி?

'சோம்பேறிப் பெண்கள்'

இரண்டாவது உலக யுத்தத்தில் ஆண்கள் போதவில்லை. படித்த பெண்களைப் பயிற்றுவித்துப் படகில் ஏற்றினார்கள். ஜோடிக்கு மூன்று பெண்கள். லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு உலோகச் சரக்கு. திரும்பும்போது கவன்ட்ரிப் பக்கத்துச் சுரங்கங்களில் கரி. அவர்களுடைய வில்லையில் உள்நாட்டு நீர்வழி என்பதற்கான 'ஐ. டபிள்யூ.' என்ற இரண்டு எழுத்துக்கள். வேடிக்கைப் பேச்சில் அது 'ஐடில் விமன்', அதாவது சோம்பேறிப் பெண்கள் என்று ஆயிற்று!

அவர்களும் நனைந்தார்கள், கை வெடித்தது, சேற்றில் விழுந்தார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துப் பேசுவது தகாது. ஆனால் பயிற்சிக் காலத்திலேயே அவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று சம்பளம் இருந்தது. பக்கத்துப் படகில் அதே மழையில் அதே சுக்கானைப் பிடித்த படகுக்காரர் மனைவிக்கு அது இல்லை. பெண் உழைப்புக்கு விலை போடத் தெரியாது என்ற சாக்கு அன்றே பொய்யாகிவிட்டது. யுத்தம் முடிந்ததும் சூசன் உல்ஃபிட் 1947-லும், எம்மா ஸ்மித் 1948-லும் தங்கள் படகு அனுபவத்தைப் புத்தகமாக்கினார்கள். ஆயுள் முழுவதும் நனைந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1962 டிசம்பர் கடைசியில் தொடங்கிய குளிர் 1963 மார்ச் வரை நீடித்தது. படகுகள் பனிக்கட்டியில் வாரக்கணக்கில் சிறைப்பட்டுக் கிடந்தன. அந்த ஆண்டிலேயே அரசாங்க நிர்வாகம் தன் சரக்குப் படகுத் தொழிலில் பெரும் பகுதியைக் கைவிட்டது. நெடுந்தூர கரிப் பயணங்களில் கடைசியாக எஞ்சியதும் 1970-ல் நின்றது.

அதே 1963-ல் ஸ்டோக் புரூர்ன் என்ற கால்வாய் ஊரில் ஒரு பொருட்காட்சி சாலை திறந்தார்கள். மேரி வார்டு என்ற நர்ஸ் படகுக் குடும்பங்களுக்குப் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்த ஊர் அது. அந்தச் சேவைக்காக அவருக்கு 1951-ல் அரசாங்கப் பதக்கம் கிடைத்தது. இங்கிலாந்தில் கால்வாயின் பழம்பெருமையைக் காட்டும் இடங்களில் எல்லாம் பூப்போட்ட தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மரியாதை குறைவில்லை. பக்கத்தில் ஒரு பழைய கூலிக் கணக்கையும் வைத்து, அதில் யாருடைய பெயர் இல்லை என்று ஒரு வரி எழுதி ஒட்டலாம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.