காலை எடுங்க சாமி!

எங்க கண்டாச்சிபுரம் பக்கம் யாராவது கீபோர்டு வாங்கப் போறேன்னு சொன்னா, கேட்கிற முதல் கேள்வி "எத்தனை ரிதம் இருக்கு?" தபலா வருமா, பென் டிரைவ் போடலாமா, மைக் குத்தலாமான்னு அடுத்தடுத்து கேள்வி வரும். பெடல் பத்தி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. பெட்டியைப் பிரிச்சா அடாப்டர் இருக்கும், நோட்டு வைக்கிற ஸ்டாண்டு இருக்கும், பெடல் இருக்காது. தபலா, தம்பூரா எல்லாம் வச்சு இந்தியாவுக்குன்னே யமஹா விட்ட பி.எஸ்.ஆர்-ஐ வரிசைக்கும் பெடலைத் தனியாத்தான் வாங்கணும்.

"அதெல்லாம் எதுக்குப்பா, சஸ்டைன் பட்டன் இருக்கே" என்பது ஒரு கட்சி. பெடலை வாங்கிட்டு, டவுன் பஸ் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிற மாதிரி பாட்டு முடியுற வரைக்கும் காலை எடுக்காம வாசிக்கிறது இன்னொரு கட்சி. ரெண்டு கட்சிக்கும் எதிராத்தான் இந்தக் கட்டுரை. திட்டுறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க :-)

முதல்ல பட்டன் கட்சி. பட்டனை அமுக்கினா ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பின்னாடி ஒரே நீளத்துல ஒரு வால் ஒட்டும். அவ்வளவுதான் அதோட வேலை. எங்கே நீளணும், எங்கே சட்டுனு நிக்கணும்னு அதுக்குத் தெரியாது. பாட்டுக்கு நடுவுல நீங்க அதை ஆன், ஆஃப் பண்ணிட்டு இருக்கவும் முடியாது, ரெண்டு கையும் வேலையா இருக்கும். சும்மா கிடக்கிறது கால்தான். அதுக்கு ஒரு வேலை கொடுக்கத்தான் பெடல்.

நிஜப் பியானோவுல பெரும்பாலான கட்டைக்கு உள்ளே கம்பி மேல ஒரு கம்பளித் துண்டு உட்கார்ந்திருக்கும். கட்டையை அமுக்கினா அது விலகும், விட்டா மறுபடி உட்கார்ந்து சத்தத்தை அடக்கும். வலது பெடலை மிதிச்சா எல்லாத் துண்டும் ஒரே நேரத்துல மேலே தூக்கிக்கும். நம்ம கீபோர்டுல கம்பியும் கிடையாது, கம்பளியும் கிடையாது. பெடல் வெறும் சுவிட்ச். 1983ல வந்த மிடி முறையில இதுக்கு 64ன்னு ஒரு நம்பரே கொடுத்திருக்காங்க. 0 முதல் 63 வரைக்கும் வந்தா ஆஃப், 64 முதல் 127 வரைக்கும் ஆன். பெரும்பாலான சின்ன கீபோர்டுக்கு நடுவுல எதுவும் புரியாது. அதனால "அரை பெடல் வசதி உள்ளது"ன்னு சொல்லி விலை கூடின பெடலைத் தலையில கட்டினா, உங்க கீபோர்டு மேனுவல்ல அது இருக்கான்னு பார்த்துட்டு காசை எடுங்க. யமஹாவோட எப்.சி-5, எப்.சி-4ஏ ரெண்டும் சுவிட்ச் ரகம்தான். நமக்கு அது தாராளமாப் போதும்.

வாங்குறப்போ பார்க்க வேண்டியது மூணே மூணு. ஒண்ணு, கீபோர்டு பின்னாடி "சஸ்டைன்"னு போட்ட துளை இருக்கணும். சில சின்ன மாடல்ல அது கிடையாது. இருந்தா பெரும்பாலும் 6.35 மி.மீ. பின். ரெண்டு, பெடல் தரையில வழுக்கக் கூடாது. சதுர பிளாஸ்டிக் பெடல் விலை கம்மி, ஆனா ரெண்டு வரி வாசிக்கிறதுக்குள்ள சுவரோரம் ஓடிடும். நான் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில ஒட்டித்தான் அதை நிறுத்தினேன். மூணு, போலாரிட்டி. சில பெடல் மிதிச்சா சர்க்யூட் சேரும், சிலது மிதிச்சா பிரியும். மாத்தி மாட்டினா, மிதிச்சா சத்தம் நிக்கும், விட்டா நீளும். நிறைய கீபோர்டு ஆன் பண்ற நிமிஷத்துல பெடல் எந்த நிலையில இருக்கோ அதையே "மிதிக்காத நிலை"ன்னு எடுத்துக்கும். அடியிலேயே மாத்திக்கிற சுவிட்ச் வச்ச பெடலும் இருக்கு.

இது எனக்குத் தெரியாம மேடையில மாட்டியிருக்கேன். காலேஜ் விழாவுல பாட்டுக்கு நடுவுல கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் வந்ததும் பதட்டத்துல பெடல் மேல காலை வச்சுக்கிட்டே கீபோர்டை ஆன் பண்ணேன். அதுக்கப்புறம் எல்லாமே தலைகீழ். மறுநாள் பெடலைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி, கடையில போய் "ரிப்பேர்"னு சண்டை வேற போட்டேன். ரிப்பேர் பெடல்ல இல்லை, என் கால்ல. காலை எடுத்துட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருந்தா பத்து செகண்டுல முடிஞ்சிருக்கும்.

இப்போ ரெண்டாவது கட்சிக்கு வர்றேன். எங்க பக்கத்துக் காது ஆர்மோனியத்துல வளர்ந்த காது. தெருக்கூத்துல பெட்டி வாசிக்கிறவரைக் கவனிச்சுப் பாருங்க. கட்டையை அமுக்கினா சத்தம், விட்டா மௌனம். ஸ்வரத்தை ஸ்வரத்தோட சேர்க்கிறது முழுக்க விரல்தான். ஆர்கன், ஸ்டிரிங்ஸ் வாய்ஸும் அப்படியே. அந்தச் சத்தம் தானாத் தேயாது. அதுல பெடலை மிதிச்சா, வாசிச்ச ஸ்வரம் எல்லாம் முழு சத்தத்தோட வரிசையா நின்னுக்கிட்டே இருக்கும். மாதா கோயில்ல பாட்டு குழையுறதுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம், பாடுறவங்க மேல பழி.

சந்தேகமா? பியானோ வாய்ஸ் வச்சு, பெடலை மிதிச்சபடி சரளி வரிசையை வாசிங்க. மாயாமாளவகௌளையில ஸாவும் ரியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டை. ரெண்டும் ஒண்ணா ஒலிச்சா தகரத்தைச் சுரண்டின மாதிரி இருக்கும். ராகத்துல பெடல் கூடவே கூடாதுன்னு நான் சொல்லலை. நீள நிக்கிற ஸ்வரத்துல மிதிங்க, அடுத்தது வர்றப்போ எடுங்க. இன்னொரு கணக்கும் இருக்கு. கீபோர்டு ஒரே நேரத்துல எழுப்புற ஒலிக்கு எல்லை உண்டு, நிறைய மாடல்ல 32. ரிதமும் அதுலதான் பங்கு கேட்கும். காலை எடுக்காம இருந்தா பழைய ஸ்வரங்களை அதுவே வெட்டித் தள்ளும்.

அப்போ எப்படித்தான் மிதிக்கிறது? குதிகால் தரையிலேயே இருக்கட்டும். சி கார்டை அமுக்கி, அப்புறம் பெடலை மிதிங்க. எப் கார்டுக்கு விரல் இறங்குற அதே நொடியில கால் மேலே வரணும், இறங்கின உடனே மறுபடி மிதிக்கணும். விரல் கீழே, கால் மேலே. முதல் நாள் மூளை குழம்பும். தினம் பத்து நிமிஷம் வாசிச்சா சில வாரத்துல பழகிடும்.

இதுக்கு இவ்வளவு ஆவேசம் ஏன்னு கேட்பீங்க. வீட்டுல பியானோ வச்சிருக்கிற பிள்ளைக்குப் பெடல் பிறந்ததுலேர்ந்தே காலடியில இருக்கு. நம்ம பிள்ளைங்களுக்குக் கீபோர்டுதான் பியானோ. அதுலயே பெடல் இல்லாம கிரேடு கிரேடாப் படிச்சு மேலே வந்து, என்னைக்கோ ஒரு நாள் சென்னையில நிஜப் பியானோ முன்னாடி உட்காரும்போது கால் எங்கே வைக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறாங்க. பார்க்கிறவங்க "கிராமத்துப் பையன், திறமை கம்மி"ன்னு முடிவு கட்டிடுறாங்க. கம்மியா இருந்தது திறமை இல்லை. கீபோர்டு விலையில பத்துல ஒரு பங்குகூட ஆகாத ஒரு சாமான், அதைப் பத்திச் சொல்லித் தர ஒரு ஆள். அம்புட்டுதான்.

அதனால சொல்லிக் கொடுக்கிற அண்ணன்மார்களே, முதல் மாசமே பெடல் வாங்கச் சொல்லுங்க. வாங்கினதும், மிதிக்கிறதுக்கு முன்னாடி எடுக்கக் கத்துக் கொடுங்க. இன்னும் பட்டனே போதும்னு சொல்றவங்க, ஒரே பாட்டை ரெண்டு விதமாவும் வாசிச்சுக் காட்டுங்க. பட்டன் ஜெயிச்சா பஸ் ஸ்டாண்டுல டீயும் மசால்வடையும் என் செலவு :-)