நாற்பத்து மூன்றில் முதலிடம்: கடைக்காரருக்கு ஒரு கணக்கு

நம் கடைகளில் விற்கும் காப்பிக்கொட்டையில் ஒரு நல்ல பங்கு கர்நாடகத்தின் குடகு, சிக்கமகளூர்ப் பகுதிகளிலிருந்து வருவது வணிகர்கள் அறிந்ததே. அந்தக் குடகு நாட்டுக் காப்பித் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்தவர் டென்னிஸ் வீரர் ரோஹன் போபண்ணா. 2024 ஜனவரி 27 அன்று மெல்போர்னில், ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனுடன் சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் ஆடவர் இரட்டையர் பட்டத்தை 7-6, 7-5 என்று வென்றார். அப்போது அவருக்கு வயது 43. அதையொட்டி வந்த தரவரிசையில் உலக முதலிடமும் கிடைத்தது. முதல் முறையாக அந்த இடத்தைப் பிடித்தவர்களில் அவரே வயதில் மூத்தவர்.

மளிகைக் கடைக்காரருக்கும் டென்னிசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ஐம்பதைத் தாண்டிய நம் வணிகர்களுக்கு இன்று இரண்டு வகை அறிவுரை கிடைக்கிறது. "சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது, செல்போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே சாமான் வருகிறது, கடையை வாடகைக்கு விட்டுவிட்டு ஓய்வாக இருங்கள்" என்பது ஒன்று. "வயது வெறும் எண்தான், விடாமல் உழையுங்கள்" என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொல்பவர்கள் போபண்ணாவைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அவர் கதையைச் சரியாகப் படித்தால் இரண்டு அறிவுரையும் தவறு என்பது விளங்கும்.

வயது வெறும் எண் என்று அவர் இருந்திருந்தால் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பார். அவருடைய முழங்கால் ஜவ்வு முழுதும் தேய்ந்து போயிருந்தது. 2021இல் மாதக்கணக்கில் ஓர் ஆட்டத்தையும் வெல்ல முடியாமல், விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆனால் தன் கையிருப்பு என்ன, செலவு என்ன என்று பார்த்துச் சுமையைக் குறைத்துக்கொண்டார். ஐயங்கார் முறை யோகாவால் முழங்காலைப் பேணினார்.

ஆட்டத்திலும் அதே கணக்குத்தான். ஒற்றையர் ஆட்டத்தில் 27 அடி அகலக் களத்தை ஒருவரே காக்க வேண்டும். இரட்டையரில் களம் 36 அடியாக விரிந்தாலும் ஆளுக்கு 18 அடிதான் வருகிறது. ஆஸ்திரேலிய ஓப்பனில் ஆடவர் ஒற்றையர் ஐந்து செட் வரை போகும். இரட்டையர் மூன்று செட்டுக்குள் முடிந்துவிடும். ஒற்றையரை எப்போதோ விட்டுவிட்ட போபண்ணா, தன் பலமான வேக சர்வீசை நம்பி, தன்னைவிட ஏழு வயதுக்கு மேல் இளையவரான எப்டனைக் கூட்டாளியாகக் கொண்டார். 2010 அமெரிக்க ஓப்பன் இறுதியில் பாகிஸ்தானின் ஐசாம் குரேஷியுடன் ஆடித் தோற்றவர், 2023இல் எப்டனுடன் அதே இறுதிக்கு வந்து மறுபடி தோற்றார். ஆனாலும் கூட்டை முறிக்கவில்லை. நான்கே மாதத்தில் மெல்போர்ன் பட்டம் கிடைத்தது.

இனி நம் கடைக்கு வருவோம். காலை ஆறு மணிக்குக் கதவு திறந்து இரவு பத்து மணி வரை நின்றே வியாபாரம் செய்யும் நமக்கும் முழங்கால் தேய்கிறது. கொள்முதல், கல்லா, பொட்டலம், வசூல் அனைத்தையும் ஒருவரே பார்ப்பது 36 அடியையும் தனியாக ஓடிக் காப்பதற்குச் சமம். பெரிய கடைகளின் தள்ளுபடியோடு எல்லாச் சரக்கிலும் மோதினால் முதல்தான் கரையும். நம்முடைய 18 அடி எது என்று பார்க்க வேண்டும். ஐம்பது கிராம் சீரகம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் மடித்துக் கொடுப்பது நம்முடையது. நெசவாளர் வீட்டில் சேலை அறுத்துக் கொடுத்துக் கூலி வரும் வரை கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு காத்திருப்பதும் நம்முடையது. அந்த நம்பிக்கையை எந்தச் செயலியும் தருவதில்லை. அதைக் காத்துக்கொண்டு, விலை போகாமல் தூசி படியும் சரக்கைத் துணிந்து விட்டுவிடலாம்.

கூட்டாளியும் வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் இருந்துகொண்டு பக்கத்துக் கடைக்காரரோடு கூட மனம் வரவில்லை என்றால் ஊர்ப் பெயருக்கே பொருளில்லை. நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து துவரம் பருப்பையும் எண்ணெயையும் ஒரே லோடாக மண்டியில் எடுத்தால் விலையும் வண்டிக் கூலியும் குறையும். மகனோ மகளோ செல்போனில் ஆர்டர் வாங்கவும் கணக்குப் பார்க்கவும் முன்வந்தால், "உனக்கென்ன தெரியும்" என்று தடுக்காமல் கல்லாவில் பாதியை நம்பி ஒப்படைக்க வேண்டும்.

விலகுவதற்கும் ஒரு முறை உண்டு. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜியுடன் முதல் சுற்றிலேயே தோற்றதும், இந்தியாவுக்காக ஆடுவதை நிறுத்திக்கொள்வதாக போபண்ணா தாமே சொன்னார். 2025 நவம்பர் 1 அன்று, 45ஆம் வயதில், தொழில்முறை ஆட்டத்திலிருந்தும் விடைபெற்றார். நம்மில் பலர் கடனும் வராக்கடனும் குவிந்து, கடை தானாக மூடிக்கொள்ளும் வரை காத்திருக்கிறோம். கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து, பெயர் கெடாமல் அடுத்தவர் கையில் சாவியைக் கொடுப்பதும் வியாபாரத்தில் ஓர் அங்கமே.

ஆகவே வணிகப் பெருமக்களே, வயதைக் காரணம் காட்டிக் கடையைப் பூட்டவும் வேண்டாம், வயதை மறந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இந்த மாதம் கணக்கு முடிக்கும்போது சரக்கு இருப்போடு நம் உடம்பின் இருப்பையும் சேர்த்து எழுதிப் பார்ப்போம். கூட்டுக் கொள்முதலுக்கு விருப்பமுள்ளவர்கள் அடுத்த சங்கக் கூட்டத்திலேயே பெயர் கொடுக்கலாம்.