சலுகை உண்டு, மன்றம் இல்லை!

பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது ரிச்சர்ட்ஸ் டவுன். தமிழர், கன்னடர், ஆங்கிலோ இந்தியர், இஸ்லாமியர் எனப் பலரும் தலைமுறைகளாகக் கலந்து வாழும் வட்டாரம். 2023-ல் கர்நாடகத்தில் ஆட்சி மாறியதும், இங்குள்ள பெண்களுக்கும் அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது. குடும்பத் தலைவியருக்கு மாதம் ரூ.2,000 வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டது. ஆனால், தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் தட்டிக்கேட்க அவர்களுக்கென்று அப்போது ஒரு மாநகராட்சி உறுப்பினர் இல்லை.

பெருநகர பெங்களூரு மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். 198 உறுப்பினர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம். நடந்ததோ நிர்வாகியின் ஆட்சி. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. பாரதிய ஜனதா ஆட்சியில் தொடங்கிய தாமதம், காங்கிரஸ் ஆட்சியிலும் தொடர்ந்தது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டபோது, ஒரு மன்றத்தின் ஆயுட்காலமே ஏறத்தாழ வீணாகக் கழிந்திருந்தது.

தமிழகமும் மார்தட்டிக்கொள்ள முடியாது. சென்னை மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை.

நலத்திட்டங்களை இலவசம் என்று ஏளனம் செய்வது தவறு. பேருந்துக் கட்டணம் மிச்சமாவதால் வேலைக்குச் செல்ல முடிந்த பெண்ணுக்குத்தான் அதன் அருமை தெரியும். குறை வேறிடத்தில் இருக்கிறது. மக்களை நேரடியாகக் கவர விழையும் ஆட்சிகள், தமக்கும் மக்களுக்கும் இடையே இன்னொரு பிரதிநிதி நிற்பதை விரும்புவதில்லை. உதவி தலைவரின் பெயரால் வந்து சேர வேண்டும். நன்றியும் அவருக்கே போய்ச் சேர வேண்டும். இந்த மனப்பான்மை எந்த ஒரு கட்சிக்கும் தனியுரிமை அல்ல.

இதனால் இழப்பு யாருக்கு? பெங்களூரு மாநகராட்சியில் சரிபாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. தாழ்த்தப்பட்டோருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனி இடங்கள் உண்டு. சட்டப்பேரவையில் குரல் எடுபடாத மொழிச் சிறுபான்மையினர்கூட வார்டு அளவில் வெற்றி பெற முடியும். அந்த வாய்ப்பைப் பறித்துவிட்டு, சமூகநீதி பேசுவதில் பொருளில்லை. செல்வாக்குள்ளவர் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்துவிடுவார். ஏழைக்கு வார்டு உறுப்பினரின் வீட்டு வாசல்தான் கதி.

வார்டு வரையறையும் இடஒதுக்கீட்டுச் சுழற்சியும் மாநில அரசின் கையில் இருக்கும்வரை, தேர்தலைத் தள்ளிப்போடக் காரணங்களுக்குப் பஞ்சமிராது. இவ்விரண்டையும் மாநிலத் தேர்தல் ஆணையத்திடமே சட்டப்படி ஒப்படைக்க வேண்டும். மாதந்தோறும் உதவித்தொகையைத் தவறாமல் வழங்க முடிகிற அரசுகளுக்கு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குப்பெட்டியை வைப்பது பெரிய சுமையாகிவிடாது.