சிறுவனுக்கு எதிராக ஓடும் கடிகாரம்!

உரிமை இருந்தும் உறங்கிக் கிடந்தவனுக்குச் சட்டம் துணைநிற்காது என்பர். ஒப்புகிறோம். தொட்டிலில் உறங்கும் குழந்தைக்குமா அந்த நீதி?

இளவருக்குச் சலுகை உண்டே என்று 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தை விரித்துக் காட்டுவர் வழக்கறிஞர் பெருமக்கள். உண்டுதான். வழக்கிடும் உரிமை பிறக்கும்போதே ஒருவர் இளவராகவோ சித்தம் கலங்கியவராகவோ இருந்தால், அக்குறை நீங்கும்வரை 6-ஆம் பிரிவு காத்திருக்கிறது. ('இடியட்' என்னும் சொல்லையும் அப்பிரிவில் அழியாமல் காத்துவருகிறார்கள், என்னே பண்பு!) நீங்கியபின் மூன்றாண்டுக்கு மேல் நீட்டிப்பில்லை என்கிறது 8-ஆம் பிரிவு.

தோழர்களே, 9-ஆம் பிரிவைப் படியுங்கள். ஓடத் தொடங்கிவிட்ட காலம், பின்னர் வரும் எந்த இயலாமைக்காகவும் நிற்காதாம்!

உழவனொருவனின் இரண்டு ஏக்கரை ஊர்ப் பெருந்தனக்காரர் வளைத்துக்கொண்டு, தனதென்றே ஆள்கிறார். ஈராண்டில் உழவன் மாள்கிறான். மகனுக்கு வயது மூன்று. நிலத்தை மீட்கக் கெடு 12 ஆண்டு. தந்தை நாளிலேயே ஓடத் தொடங்கிய கெடு, மகனுக்காக நிற்பதில்லை. தன் பெயரால் தனித்து வழக்கிடவும் தகுதியற்ற 13 வயதில், அவன் நிலவுரிமையே 27-ஆம் பிரிவின்படி அழிந்துபோகிறது!

தாய் வழக்கிட்டிருக்கலாமே என்பார்கள். நாற்று நட்டால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும் என்றிருப்பவளா நீதிமன்றப் படியேறுவாள்?

மேல்முறையீட்டுக்குத் தாமதித்துவந்த சீமான் தக்க காரணம் சொன்னால் 5-ஆம் பிரிவு மன்னிக்கும். மூல வழக்குக்கு அந்த மன்னிப்பும் கிடையாது.

வாரிசு இளவராயின், எஞ்சிய காலம் அவர் பதினெட்டை எட்டும்வரை நிற்கட்டும். 9-ஆம் பிரிவில் இந்த ஒரு வரியைச் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு எத்தனை நாழிகை ஆகும்?