இதுல நாங்க எங்க ஒக்காரது?

எங்கள் பங்கில் புதுக்கோயில் கட்டப் போகிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பங்கு. பெயர் வேண்டாம், பெயர் போட்டால் விஷயம் அந்தப் பங்கோடு முடிந்துபோகும். எஞ்சினியர் போட்ட பிளானைப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் மேசைமேல் விரித்து வைத்தார்கள். முகப்பில் கருங்கல் தூண்கள், வாசலில் செப்புத்தகடு போர்த்திய கொடிமரம், பீடத்துக்கு இரு பக்கமும் ஆளுயரக் குத்துவிளக்கு, பீடத்தைச் சுற்றிக் கருவறை மாதிரி ஒரு மண்டபம், அதற்கு ஏழு படி. 'நம்ம பண்பாட்டுல கட்டுறோம்' என்று விளக்கம் சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த ஒரு பெரியவர் எழுந்தார். 'அதெல்லாம் சரி பாதர், இதுல நாங்க எங்க ஒக்காரது?'

சிரித்தார்கள். 'எங்க வேணா ஒக்காருங்க பெரியவரே, கோயிலு எல்லாருக்கும்தான்.'

அவர் செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரியிலிருந்து சின்ன வயசில் பட்டணம் வந்தவர். ஊர்க் கோயிலில் எந்தத் தூணுக்குப் பின்னால் தன் அப்பன் நின்றான் என்பது அவருக்கு இன்னும் தெரியும். அந்தத் தூணைத்தான் அவர் பிளானில் தேடினார். படித்தவர்களுக்கு அது விளங்கவில்லை.

கிறிஸ்தவக் கோயில் கட்டடக்கலை என்று பேச வந்தால் நமது அறிஞர்கள் அண்ணாந்து பார்த்தே பேசுகிறார்கள். கோபுரம் ஊசியா உருண்டையா, வளைவு கோதிக்கா கிரேக்கமா, சன்னல் கண்ணாடி எந்த நாட்டிலிருந்து வந்தது. சென்னையில் அண்ணாந்து பார்க்கப் பஞ்சமில்லை. 1680ல் கோட்டைக்குள் வெள்ளைக்காரன் கட்டிய புனித மரியாள் ஆலயத்துக்கு நாலடி கனச் சுவர். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும் வளைவுக் கூரை. கும்பினிக்காரன் தன் கர்த்தரையும் கிடங்குச் சரக்கு மாதிரியே பத்திரப்படுத்தினான். எழும்பூரில் 1821ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் வட்டமாக ஒரு ஆலயம் எழுப்பி, உள்கூரைக்கு நீலம் பூசி நட்சத்திரம் பதித்தார்கள். சாந்தோம் கோயிலை 1890களில் இடித்து, கோதிக் பாணியில் திரும்பக் கட்டினார்கள். எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஜனங்கள் கோயிலைக் கூரையில் அனுபவித்தவர்கள் அல்லர். தரையில் அனுபவித்தவர்கள். ஆகவே கூரையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையைப் பார்ப்போம்.

தரையைப் பார்க்க நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக்குப் போகவேண்டும். அங்கே வெள்ளாளக் கிறிஸ்தவனும் நாடார் கிறிஸ்தவனும் ஒரே கூடத்தில் பூசை காண மாட்டார்கள் என்பதால் முதலில் நடுவில் சுவர் இருந்தது. பிறகு பெரிய கோயில் கட்டினார்கள்; 1872ல் முடிந்தது. எப்படிக் கட்டினார்கள் தெரியுமா? கால்சட்டையை விரித்துப்போட்ட மாதிரி இரண்டு கூடங்கள், அவை சேரும் முனையில் பீடம். சாமியார் அந்த முனையில் நின்று பூசை வைப்பார். இந்தக் கூடத்துக்காரனுக்கும் பீடம் தெரியும், அந்தக் கூடத்துக்காரனுக்கும் தெரியும். ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது. உலகத்தில் எந்தச் சிற்ப சாஸ்திரத்திலும் இல்லாத பாணி இது. கோதிக், பரோக் என்று பட்டியல் போடுகிறவர்கள் இதையும் ஒரு பாணியாகச் சேர்க்க வேண்டும். கிறிஸ்தவ உலகத்துக்குத் தமிழன் கொடுத்த சொந்தச் சரக்கு இதுதான். 1910ல் கௌசானல் என்கிற சேசுசபைச் சாமியார் அந்தப் பிரிவினையை இடித்தெறிந்தபோது, வேதக்காரர்கள் செபமாலையை எடுக்கவில்லை; கோர்ட்டுக்குப் போனார்கள். சுவர் எங்கள் பாத்தியதை என்று வழக்காடினார்கள், தோற்றார்கள்.

இது கத்தோலிக்கர் சங்கதி, நாங்கள் சீர்திருத்தச் சபை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1718ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவம். அந்தச் சிலுவைக்குள்ளும் சூத்திரக் கிறிஸ்தவனுக்கு ஒரு இடம், பறையக் கிறிஸ்தவனுக்கு வேறு இடம். சிலுவையின் எந்தக் கை எவனுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்ட விசுவாசம்! 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசத்தை அடியோடு விட்டொழிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டபோது வேப்பேரியும் தஞ்சாவூரும் கொந்தளித்தன. கீர்த்தனைகளுக்காக நாம் இன்றும் கொண்டாடுகிற வேதநாயக சாஸ்திரியார் சாதி ஆசாரத்துக்காக எழுதி வாதாடியவர். அவர் பாட்டை நாம் பாடுகிறோம். நாம் அவர் பக்கத்தில் உட்கார அவர் சம்மதித்திருக்க மாட்டார்.

சரி, அதெல்லாம் பழைய கதை என்பார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூரில், எங்களுக்குத் தனிப்பங்கு கொடுங்கள் என்று தலித்துகள் கேட்டதற்கு எழுந்த கலவரம் 2008 மார்ச்சில். வன்னியக் கிறிஸ்தவர்கள் சேரிக்குள் புகுந்து அடித்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, இரண்டு உயிர் போனது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் பிணத்தைப் பிரித்துவைக்க ஒரு சுவர். 2010ல் அதை இடிக்கப் போனவர்கள் பெரியார் திராவிடர் கழகத்துக்காரர்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறவன் சுவரைக் காவல் காக்கிறான், நாத்திகன் கடப்பாரை எடுக்கிறான்.

இந்தத் தரையை வைத்துக்கொண்டுதான் டில்லி நம்மிடம், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே உனக்குச் சலுகை இல்லை என்றது. 1950ஆம் வருட ஜனாதிபதி ஆணை நம்மைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியர்களை 1956லும் பௌத்தர்களை 1990லும் சேர்த்தார்கள். இதே சென்னையில், மவுண்ட் ரோடு ஓரம் செருப்பு தைத்துப் பிழைத்த சூசை என்பவர், மற்றவர்களுக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடையைத் தனக்கும் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985ல் இல்லை என்று தீர்ப்பு வந்தது. வெயிலுக்கு ஒரு பலகைக் கூரை கேட்டவனுக்கு இதுதான் கிடைத்தது. கோயிலுக்குள்ளே சாதி உண்டு என்று சுவர் சொல்கிறது, வெளியே இல்லை என்று சட்டம் சொல்கிறது, நடுவில் நிற்கிறவன் நாம்.

இப்போது எங்கள் பிளானுக்கு வருகிறேன். அந்தக் கொடிமரமும் குத்துவிளக்கும் எங்கிருந்து வந்தன? வத்திக்கான் சங்கம் முடிந்தபின், 1969ல் இந்திய வழிபாட்டுக்கென்று பன்னிரண்டு அம்சங்களுக்கு அனுமதி வாங்கினார்கள்: ஆரத்தி, எண்ணெய் விளக்கு, பஞ்சாங்க நமஸ்காரம் இப்படி. அதற்கும் முன்னால் 1950லேயே குளித்தலைப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் பிரெஞ்சுச் சாமியார்கள் காவி கட்டி ஆசிரமம் போட்டார்கள். அதற்கும் முன்னால் மதுரையில் நொபிலி பூணூல் போட்டார், உயர்சாதிக்குத் தனிக் கோயில் வைத்தார். முந்நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே பாடம்: இந்தியனாக வேண்டுமா, பார்ப்பானாகு. வெள்ளைக்காரனின் கோதிக் நமக்கு அந்நியம் என்கிறவர்களைக் கேட்கிறேன், திருவொற்றியூர் தியாகராசர் கோயில் கோபுரம் என் ஆயாவுக்கு எப்போது சொந்தமாக இருந்தது? 1947ல் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை வெளியில் நின்று கையெடுத்தவள் அவள். எந்த வாசலில் நிற்க வெட்கப்பட்டு வேதத்துக்கு வந்தாளோ, அதே வாசலைச் செப்புத்தகடு போட்டு அவள் பேரனுக்கு முன்னால் நட்டுவைக்கிறீர்கள். ஏழு படி வைத்த கருவறையை, நம் பணத்தில்.

நம் பண்பாடு என்று ஒன்று உண்டா இல்லையா? பறை உண்டு. கும்மி, ஒப்பாரி உண்டு. சாவு வீட்டில் ஊரே கூடி ஒரே அடுப்பில் பொங்குவது உண்டு. இவற்றில் ஒன்றுகூட அந்தப் பிளானில் இல்லை. கூட்டத்திலேயே எங்கள் பையன்கள் கேட்டார்கள், பறைக்கு இடம் உண்டா என்று. 'அது சாவுக்கு அடிக்கிறதாச்சே, திருவிழாவுக்கு பேண்டு வாத்தியம் வெச்சுக்கலாம்' என்றார் ஒரு பேரவை உறுப்பினர். கல்வாரியில் நடந்தது கல்யாணமா? ஒவ்வொரு நாளும் பீடத்தில் ஒரு சாவைத்தான் நினைவுகூர்கிறோம், அதற்குப் பறை ஆகாதாம்.

பறையைக் கோயிலுக்குள் கொண்டுவர முடியாது என்பதும் பொய். மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, ஜனங்கள் 'பரட்டை' என்று கூப்பிட்டவர், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் வைத்தார். ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதை நற்கருணையோடு சேர்த்துப் பேசினார். 2005ல் போய்விட்டார். அவரை நினைத்து மாலை போடுகிற சபைகளில் எத்தனை, பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பறைக்கு நாலடி இடம் ஒதுக்கியிருக்கின்றன?

என் அத்தை இந்தச் சண்டையெல்லாம் வேண்டாம் என்று பெந்தெகொஸ்தே மிஷனுக்குப் போய்விட்டாள். அங்கே சிலுவை கிடையாது, சிலை கிடையாது, கோபுரம் கிடையாது. வெறும் கூடம். தரையில் பாய், வெள்ளைச் சேலை, எல்லோரும் ஒன்றாகத் தரையில். 'இங்க எவன் முன்னாடி எவன் பின்னாடின்னு இல்லடா' என்பாள். அந்தச் சமமான தரையை நான் மதிக்கிறேன். ஆயிரம் வருஷக் கோதிக்கைவிட அந்தப் பாய் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அங்கேயும் பறை பிசாசின் சத்தம், கும்மி உலகப்பிரகாரமான ஆட்டம். உடம்பை உட்காரவைத்தார்கள், உடம்போடு வந்ததை வாசலில் கழற்றச் சொன்னார்கள்.

இராயபுரத்தையும் சொல்லாமல் விட முடியாது. இராயப்பர் கோயிலை 1829ல் கட்டியவர்கள் மதராஸ் படகுக்காரர்கள். துறைமுகம் இல்லாத காலம். கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைக் கடந்து சரக்கையும் துரைமாரையும் கரைசேர்த்தவர்கள். அந்த வருமானத்தில் மகமை பிடித்துச் சேர்த்த பணத்தில் தங்களுக்கென்று ஒரு கோயில். எந்தத் துரையும் எந்தப் பேராயரும் தந்ததல்ல. பெருமைதான். ஆனால் கோயில் எழும்பியபோது அவர்கள் குருகுல வம்ச வருணகுல முதலியார்களாகவும் எழும்பினார்கள். கடலில் துடுப்பு போட்டவன் கரையில் கோபுரம் கட்டியதும் வம்சத்தைத் தேடுகிறான். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த நாளில் மரியாதைக்கு வேறு பாஷை கிடையாது. ஆனால் உழைக்கிறவன் சொந்தக் காசில் கட்டினாலும் சாதியின் கல்லில்தான் அஸ்திவாரம் போட வேண்டியிருந்தது என்பதை நாம் இப்போது கட்டும்போதாவது பார்க்க வேண்டாமா? எங்கள் பங்கில் பணம் கொடுப்பவர்கள் தொழிற்சாலை ஒப்பந்தக் கூலிகள், கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், வீட்டுவேலை செய்கிற பெண்கள். பெயர்ப்பலகையில் யார் பெயர் வரும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆயாவைக் காசிமேட்டுக் கல்லறையில் புதைத்தோம். பக்கத்தில் யார், எந்தச் சபை, என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. இடம் கிடைத்ததே பெரிதாக இருந்தது. செத்தபிறகு கிடைத்த அந்த நெருக்கத்தை உயிரோடு இருக்கும்போது ஒரு கூடத்துக்குள் கேட்கிறோம், அவ்வளவுதான்.

பெரியவரும் பையன்களும் நானும் உட்கார்ந்து அந்தப் பிளானின் நகலில் சிவப்புப் பென்சிலால் திருத்தம் போட்டோம். ஏழு படி வேண்டாம், பீடம் கூடத்தின் நடுவில், சுற்றிலும் ஜனங்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி. கொடிமரத்தின் செலவில் பின்பக்கம் ஒரு சமையல் கொட்டகை, பெரிய உலை வைக்க. பீடத்துக்கு வலப்பக்கம் நாலடிக்கு நாலடி ஒரு கட்டம் வரைந்து 'பறை' என்று எழுதினோம். பங்குப் பேரவைக்குக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கட்டட நிதிக்கான ரசீதுப் புத்தகம் மட்டும் வந்தது. பெரியவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'மொதல்ல அந்தக் காயிதத்த எடுத்தா பாதர், இத அப்பால பாக்கலாம்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.